பிள்ளைக்குப் போடும் திட்டம் தாயின் ஒரு நாளுக்குள் அடங்கணும்

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் எங்கள் தொண்டு நிறுவனக் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம். வர முடியாத உறுப்பினர்களுக்குக் குழுக் கூட்டத்தில் வாசித்துக் காட்டவும்.)



கடன் வசூல், தணிக்கை, வங்கி இணைப்பு எல்லாம் பேசி முடித்து, சாப்பாட்டுக்கு முன்னால் அரை மணி நேரம் எங்களுக்குக் கொடுத்திருக்கிறீர்கள். நன்றி. நாங்கள் ஒரு கேள்வியோடு ஆரம்பிக்கிறோம். உங்க தெருவில, ஆறு வயசுக்குள்ள, வயசுக்கேத்த மாதிரி உட்காராம, நடக்காம, பேசாம, கூப்பிட்டா திரும்பிப் பார்க்காம ஒரு பிள்ளை இருக்குதா? தெரிஞ்சவங்க கை தூக்குங்க.

பாதிக்கு மேல் கை தூக்கியிருக்கிறீர்கள். சரி. அந்தப் பிள்ளையின் அம்மா ஏதாவது ஒரு குழுவில் உறுப்பினரா? இதற்கும் நிறையக் கைகள் எழும்புகின்றன. அந்த அம்மா போன மாதக் கூட்டத்துக்கு வந்தாங்களா? இப்போது இரண்டே கைதான் தெரிகிறது.

நாங்கள் பேச வந்தது இதைத்தான். சந்தாவை யாரிடமாவது கொடுத்தனுப்பிவிட்டு அவங்க வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். நாமும் தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்தை அப்புறம் வாங்கிக்கொள்கிறோம். பிள்ளையும் வீட்டுக்குள், தாயும் வீட்டுக்குள்.

ஏன் சீக்கிரம்?

பிறந்து முதல் ஆறு வருடம், அதிலும் முதல் மூன்று வருடம், மூளை மிக வேகமாக வளரும் காலம். பார்ப்பது, கேட்பது, பிடிப்பது, பேசுவது எல்லாவற்றுக்கும் அப்போதுதான் வழி போடப்படுகிறது. ஈரமான மண்ணில் வாய்க்கால் வெட்டுவது போல. மண் காய்ந்த பிறகு வெட்ட முடியாது என்று சொல்லவில்லை. ஆனால் மம்பட்டிக்கு வேலை அதிகம், ஓடும் தண்ணீர் குறைவு. இந்த வயதிலேயே குறையைக் கண்டுபிடித்து, பிள்ளைக்கும் குடும்பத்துக்கும் உதவி செய்வதைத்தான் ‘ஆரம்ப நிலை இடையீட்டுச் சேவை’ என்கிறார்கள். பெயர் கொஞ்சம் கரடுமுரடு. அர்த்தம் இவ்வளவுதான்: காத்திருக்காதே, இப்பவே கை கொடு.

சில குறைகளில் நாள் கணக்கே முக்கியம். பாதம் உள்பக்கம் வளைந்து பிறக்கும் பிள்ளைக்கு, முதல் சில வாரங்களிலேயே வாரம் ஒரு மாவுக்கட்டு மாற்றிப் போட்டுக்கொண்டே வந்தால், பெரும்பாலும் பெரிய ஆபரேஷன் இல்லாமலே பாதம் நேராகிவிடும். அதன் பிறகு முதல் மூன்று மாதம் கிட்டத்தட்ட நாள் முழுக்கவும், பிறகு நாலு வயது வரை தூங்கும்போதும் விசேஷ செருப்பு போட வேண்டும். அதை நிறுத்தினால் திரும்ப வளையும். 34 வாரத்துக்கு முன்னால் பிறந்த பிள்ளைக்கும், 2 கிலோவுக்குக் குறைந்து பிறந்த பிள்ளைக்கும் பிறந்த 30 நாளுக்குள் கண் விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும். தவறவிட்டால் பார்வையே போகலாம். காது கேட்பதற்கு டாக்டர்கள் ஒன்று, மூன்று, ஆறு என்று கணக்குச் சொல்கிறார்கள். ஒரு மாதத்துக்குள் முதல் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி செய்வது, ஆறு மாதத்துக்குள் உதவி ஆரம்பிப்பது.

எங்களுக்குத் தெரிந்த ஒரு பெண் பிள்ளைக்கு நாலு வயது நெருங்கும்போதுதான் காது கேட்கவில்லை என்று தெரிந்தது. அதுவரைக்கும் ஆச்சி, “அவ தாத்தாவும் அஞ்சு வயசுலதான் வாய் திறந்தாரு” என்று சொல்லிக்கொண்டிருந்தார். குழுவிலும் அதையே சொன்னார்கள். ஆறுதலாகத்தான் சொன்னார்கள். யார் மேலும் குறையில்லை. இப்போது காதுக்கருவி மாட்டி, வார்த்தை வார்த்தையாகக் கற்றுக்கொண்டிருக்கிறாள். ஆனால் மூன்று வருடத் தாலாட்டும் கதையும் அவளுக்குப் போய்ச் சேரவே இல்லை. நாம் சொல்லும் ஆறுதல் சில நேரம் பிள்ளையின் காலத்தைத் தின்றுவிடுகிறது. அதனால் இனி, “எல்லாம் சரியாயிரும்” என்பதோடு நிறுத்தாமல், “வா, நானும் கூட வாரேன், காட்டிட்டு வந்திருவோம்” என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நாங்கள் செய்த தப்பு

சமூகப்பணி படித்துவிட்டு, பயிற்சியெல்லாம் எடுத்துக்கொண்டு களத்துக்கு வந்த நாங்கள் செய்த ஒரு தப்பைச் சொல்கிறோம். உங்களுக்கு அறிவுரை சொல்வதைவிட அது உபயோகமாக இருக்கும்.

2022-ல் ஒரு கிராமத்தில் 14 மாத ஆண் பிள்ளையைப் பார்த்தோம். பிறந்ததும் உடனே அழவில்லை, இரண்டு வாரம் பெட்டியில் வைத்திருந்தார்கள். தலை நிற்கவில்லை. தூக்கினால் கால் இரண்டும் கத்தரி போலப் பின்னிக்கொள்ளும். மூளை முடக்குவாதம் என்று டாக்டர் எழுதியிருந்தார். அம்மா பீடி சுற்றுபவர். அப்பா கேரளாவில் கட்டட வேலை, மாதம் ஒரு தடவை வருவார். மேலே இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில்.

நாங்கள் இயன்முறை சிகிச்சையாளரை அழைத்துப் போய் முழுமையாகப் பரிசோதித்தோம். பதினொரு பயிற்சிகளைப் படத்தோடு எழுதிக் கொடுத்தோம். காலையும் மாலையும் செய்ய வேண்டும், ஒவ்வொன்றும் பத்து நிமிடம். அழகான திட்டம். கோப்பில் வைத்தோம்.

இரண்டு மாதம் கழித்துப் போனால் எதுவும் நடக்கவில்லை. படம் போட்ட தாள் சுவரில் ஆணியில் தொங்குகிறது. நாங்கள் கொஞ்சம் கோபமாகவே பேசிவிட்டோம். “உங்க பிள்ளைக்குத்தானே சொல்றோம்” என்றோம். அவங்க ஒண்ணும் சொல்லவில்லை. பதிவேட்டில் ‘தாயின் ஒத்துழைப்பு போதவில்லை’ என்று எழுதினோம்.

அடுத்த குழுக் கூட்டத்தில் அந்தப் பதிவேட்டைப் பார்த்த ஊக்குநர் கேட்டார்: “மேடம், அவ ஒத்துழைக்கலன்னு எழுதியிருக்கீங்க. அவளுக்கு நாம யாரு ஒத்துழைச்சோம்?”

அன்றைக்கு எங்களுக்குப் பதில் இல்லை. மறுநாள் விடியற்காலையிலேயே அந்த வீட்டுக்குப் போய், ஒரு நாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்து பார்த்தோம். நாலரைக்கு எழுந்திருக்கிறார். ஐந்து மணிக்குக் குழாயில் தண்ணீர். சமையல், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புதல். ஒன்பது மணிக்குப் பீடித்தட்டை மடியில் வைத்தால் சாயங்காலம் நாலு மணி வரைக்கும் இறக்க முடியாது. எழுநூறு பீடி சுற்றினால்தான் வீட்டுச் செலவு. ஐந்து மணிக்குப் பீடிக்கடை, அங்கே கழிவு போக எண்ணிக் கொடுக்க வேண்டும். திரும்பி வந்து சமையல். ராத்திரி பத்து மணி வரைக்கும் மறுநாளுக்கு இலை வெட்ட வேண்டும்.

கணக்கு எழுதத் தெரிந்த உங்களிடம் சொல்கிறோம். பதினொரு பயிற்சி, பத்துப் பத்து நிமிடம், இரண்டு வேளை. 220 நிமிடம். மூன்று மணி நாற்பது நிமிடம். அந்தத் தாயின் நாளில் அந்த மூன்று மணி நாற்பது நிமிடம் எங்கே இருக்கிறது? பீடித்தட்டு மடியில் இருக்கும்வரை பிள்ளை மடியில் இருக்க முடியாது. புகையிலைத் தூள் பக்கத்தில் பிள்ளையை வைக்கவும் கூடாது. நாங்கள் பிள்ளையின் கையையும் காலையும் பார்த்துத் திட்டம் போட்டோமே தவிர, அந்த வீட்டைப் பார்த்துப் போடவில்லை.

அன்று சாயங்காலம்தான் முதல்முறையாகக் கேட்டோம்: “அக்கா, தம்பிக்கு எது முதல்ல சரியாகணும்னு நீங்க நினைக்கிறீங்க?”

உடனே சொன்னார்: “அவன் உட்கார்ந்து சோறு தின்னா போதும் மேடம். படுக்கப் போட்டுத்தான் ஊட்டுறேன். தினமும் புரையேறுது. ஒவ்வொரு வாய்க்கும் எனக்கு உசிரு போய் உசிரு வருது.”

எங்கள் பதினொரு பயிற்சியில் ஊட்டுவதைப் பற்றி ஒன்றுகூட இல்லை.

மாற்றிப் போட்ட திட்டம்

பழைய தாளை எடுத்துவிட்டோம். புதிதாக நாலே நாலு விஷயம் எழுதினோம். நாலும் அவங்க ஏற்கெனவே தினமும் செய்கிற வேலைக்குள்ளேயே இருந்தன.

ஊட்டும்போது: படுக்க வைத்து ஊட்டக் கூடாது. நிமிர்த்தி, முதுகுக்கும் தலைக்கும் பிடிமானம் கொடுத்து, தாடை லேசாகக் கீழே இருக்கும்படி உட்கார வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊட்ட வேண்டும். மத்தியானச் சாப்பாட்டை மாமியார் எடுத்துக்கொண்டார். சிகிச்சையாளர் அவருக்கும் நேரில் செய்து காட்டினார்.

தூக்கும்போது: கால் பின்னிக்கொள்ளும் பிள்ளையை இரண்டு கையிலும் ஏந்தித் தூக்குவதைவிட, இடுப்பில் கால் இரண்டும் இரண்டு பக்கம் வரும்படி வைத்துத் தூக்க வேண்டும். நம்ம ஆச்சிகள் எல்லாப் பிள்ளையையும் அப்படித்தான் தூக்கினார்கள். கால் விரிகிறது, முதுகு நிமிர்கிறது, நாலு பேர் முகத்தையும் பிள்ளை பார்க்கிறது. தண்ணீர்க் குழாய் வரைக்கும் இடுப்பில் வைத்துப் போய் வந்தாலே அது ஒரு பயிற்சி.

குளிப்பாட்டிச் சட்டை போடும்போது: “கையைத் தூக்கு” என்று சொல்லிவிட்டு, பத்து எண்ணும் வரை காத்திருக்க வேண்டும். அவன் முயற்சி செய்வதற்கு இடம் விட வேண்டும். நாமே அவசரமாக இழுத்து மாட்டிவிட்டால் பிள்ளைக்கு வேலை இல்லை.

சாயங்காலம் கால் மணி நேரம்: ஊர் ஆசாரி பழைய பலகையில் மூலை நாற்காலி ஒன்று செய்து கொடுத்தார். செலவைக் குழுவின் பொது நிதியில் இருந்து கொடுத்தார்கள். அதில் அவனை உட்கார வைத்து, முன்னால் டப்பா, கரண்டி ஏதாவது வைத்தால் போதும். தெருப்பிள்ளைகள் தானாக வந்துவிடுவார்கள்.

அடுத்த பிரச்சினை சிகிச்சைக்குப் போவது. இரண்டு வாரத்துக்கு ஒரு நாள் டவுனுக்குப் போக வேண்டும். போனால் அன்றைக்கு எழுநூறு பீடி போச்சு. இதற்கு நாங்கள் ஒன்றும் யோசனை சொல்லவில்லை. குழுவே வழி கண்டுபிடித்தது. அந்தக் குழுவில் அவங்களைத் தவிர பதினாலு பேர், எல்லாரும் பீடி சுற்றுபவர்கள். ஆளுக்கு ஐம்பது பீடி. எழுநூறு ஆகிவிட்டது. கூடவே முறைவைத்து ஒருவர் துணைக்குப் போனார்.

அந்தத் தம்பி மூன்று வயதில் அங்கன்வாடிக்குப் போனான், நாற்காலியோடு. ஸ்பூனைப் பிடித்துப் பாதி சிந்தி, பாதி தின்றான். நடக்கவில்லை. நடப்பான் என்று நாங்கள் வாக்கு கொடுக்கவும் இல்லை. ஆனால் புரையேறி ஆஸ்பத்திரிக்கு ஓடுவது நின்றது. அவன் அம்மா மறுபடியும் குழுக் கூட்டத்துக்கு வர ஆரம்பித்தார், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே. எங்களுக்கு மனதில் உறுத்துவது அந்த முதல் இரண்டு மாதம்தான். அது நாங்கள் வீணாக்கிய காலம். எங்களைவிட அந்தப் பிள்ளைக்கு அது பெரிது.

வெளியில் எப்படிச் செய்தார்கள்?

இந்தப் பாடம் நமக்கு மட்டும் வந்ததல்ல. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் போர்ட்டேஜ் என்ற சிற்றூரில் 1969-ல் ஒரு திட்டம் ஆரம்பித்தார்கள். கிராமப்புறப் பகுதி, பிள்ளைகள் தூரம் தூரமாக இருந்தார்கள். எல்லாரையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவர முடியவில்லை. அதனால் ஒரு வீட்டு ஆசிரியர் வாரம் ஒரு தடவை வீட்டுக்கே போய், பெற்றோருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு வருவார். அந்த முறை பிறகு பல நாடுகளுக்குப் பரவியது.

1986-ல் அந்த நாட்டில் வந்த சட்டம், மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்காகப் போடும் திட்டம் பிள்ளைக்கு மட்டுமல்ல, குடும்பத்துக்கும் சேர்த்து எழுதப்பட வேண்டும் என்றது. குடும்பத்தின் கவலை என்ன, பலம் என்ன, எதற்கு முதலிடம் என்று குடும்பத்தின் சம்மதத்தோடு கேட்டு எழுத வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை திருப்பிப் பார்க்க வேண்டும். பத்து அலுவலகத்துக்கும் தாய் அலையாமல் இருக்க, ஒருங்கிணைக்க ஒரு ஆள் பொறுப்பு.

நம்ம பக்கத்திலும் முன்மாதிரி இருக்கிறது. தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் எஸ். ராமகிருஷ்ணன் அவர்கள் 1981-ல் தொடங்கிய அமர் சேவா சங்கம், கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, வீடு வீடாக அனுப்பி, சின்னப் பிள்ளைகளுக்கு உதவி செய்து வந்திருக்கிறது. சென்னையில் 1989-ல் தொடங்கிய மதுரம் நாராயணன் மையம், பெற்றோரையும் கூடவே உட்கார வைத்துப் பயிற்சி கொடுக்கும் முறையை உருவாக்கியது. எல்லா இடத்திலும் அடிப்படை ஒன்றுதான். வீட்டில் இருப்பவர்கள் செய்ய முடிந்ததைத்தான் திட்டமாக எழுத வேண்டும்.

எதைக் கவனிக்க வேண்டும்?

இதைக் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். குறித்துக்கொள்ளுங்கள்.

• மூன்று மாதத்தில் அம்மா முகம் பார்த்துச் சிரிக்கிறதா?
• நாலைந்து மாதத்தில் தலை நிற்கிறதா?
• ஒன்பது மாதத்தில் பிடிமானம் இல்லாமல் உட்கார்கிறதா? பெயர் சொன்னால் திரும்புகிறதா?
• ஒரு வயதில் டாட்டா காட்டுவது போன்ற சைகை செய்கிறதா?
• ஒன்றரை வயதில் தனியாக நடக்கிறதா? அர்த்தத்தோடு சில வார்த்தையாவது சொல்கிறதா?
• இரண்டு வயதில் “அம்மா வா”, “பால் வேணும்” என்று இரண்டு வார்த்தை சேர்க்கிறதா?

குறைமாதத்தில் பிறந்த பிள்ளையாக இருந்தால், எத்தனை மாதம் முன்னால் பிறந்ததோ அத்தனையைக் கழித்துப் பாருங்கள்.

இவற்றில் ஒன்று தள்ளிப் போனாலே ஊனம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அதைச் சொல்வது டாக்டர் வேலை. பார்த்துச் சொல்லி, அழைத்துப் போவதுதான் நம் வேலை. ஆனால் சில அறிகுறிகளுக்கு ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது. வந்த பேச்சோ நடையோ நின்றுபோவது, வலிப்பு, கருவிழியின் நடுவில் வெள்ளையாகத் தெரிவது. ஒரு வயதுக்குள்ளேயே ஒரு கையை மட்டும் உபயோகித்து மறு கையை மூடியே வைத்திருந்தாலும் சீக்கிரம் காட்டுங்கள்.

எங்கே போவது?

முதல் படி அங்கன்வாடி டீச்சரும் கிராம சுகாதார செவிலியரும்தான். 2013-ல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின்படி, மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருடத்துக்கு இரண்டு முறையும், பள்ளிக்கு ஒரு முறையும் வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்க வேண்டும். பிறவிக் குறை, சத்துக் குறைபாடு, நோய், வளர்ச்சித் தாமதம் என்று மொத்தம் 30 வகையைப் பார்க்கிறார்கள். எந்த நாளில் வருகிறார்கள் என்று டீச்சரிடம் கேட்டு வையுங்கள். உண்மையில் யார் பிள்ளையை அன்றைக்கு வீட்டிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள் தெரியுமா? குறை உள்ள பிள்ளையைத்தான். அந்தப் பிள்ளையை அன்று கொண்டுபோய் நிறுத்துவது குழுவின் பொறுப்பாக இருக்கட்டும்.

அந்தக் குழு எழுதிக் கொடுத்தால் அடுத்து மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டுச் சேவை மையம். குழந்தை மருத்துவர், இயன்முறை சிகிச்சையாளர், பேச்சுப் பயிற்சியாளர், மனநலம் பார்ப்பவர் என்று எல்லாரும் ஒரே இடத்தில் பார்ப்பதற்காக ஏற்படுத்தியது அது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டை, உபகரணம், பராமரிப்பு உதவித்தொகை பற்றிக் கேட்கலாம். வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். உரிமைகள் திட்டத்தில் ‘விழுதுகள்’ என்ற சேவை மையங்கள் திறக்கத் தொடங்கினார்கள். உங்கள் பக்கத்தில் உண்டா என்று விசாரியுங்கள்.

இதில் ஒரு தவறான நம்பிக்கையைச் சொல்லியாக வேண்டும். “அட்டை வந்தாத்தான் சிகிச்சை” என்று நிறையப் பேர் காத்திருக்கிறார்கள். அப்படி இல்லை. சான்றிதழும் உதவித்தொகையும் ஒரு பாதை, சிகிச்சையும் பயிற்சியும் இன்னொரு பாதை. இரண்டிலும் ஒரே நேரத்தில் நடங்கள். 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், முந்தைய 1995 சட்டத்தில் ஏழாக இருந்த வகைகளை 21 ஆக்கியது. ஆட்டிசம் போன்றவையும் அதில் வந்தன. ஆக, “இதுக்கெல்லாம் சர்டிபிகேட் கிடையாது” என்று யாராவது திருப்பி அனுப்பினால், கூட்டமைப்பாகப் போய்க் கேளுங்கள்.

ஒரு பக்கத் திட்டம்

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கத்தில் திட்டம் எழுதலாம். நம் கடன் விண்ணப்பத்தைவிடச் சின்னது. ஆறு கேள்விதான்.

ஒன்று, பிள்ளைக்கு இப்போது எது எதுவெல்லாம் வருகிறது? வராததை முதலில் எழுதாதீர்கள். கொலுசுச் சத்தம் கேட்டால் சிரிக்கிறான் என்றால் அதை எழுதுங்கள். அதில் இருந்துதான் ஆரம்பிக்க முடியும்.

இரண்டு, குடும்பத்துக்கு முதலில் எது வேண்டும்? தாயிடமும் தகப்பனிடமும் கேளுங்கள். நாங்கள் கேட்காமல் விட்ட கேள்வி இதுதான்.

மூன்று, மூன்று மாதத்துக்குள் கண்ணால் பார்க்கக்கூடிய ஒரே ஒரு குறிக்கோள். ‘முன்னேற்றம் அடைய வேண்டும்’ என்று எழுதினால் அது எப்போது நடந்தது என்று யாருக்கும் தெரியாது. ‘சாய்மானத்தோடு பத்து நிமிடம் உட்கார்ந்து சாப்பிட வேண்டும்’ என்று எழுதுங்கள்.

நாலு, தினமும் செய்கிற எந்த வேலைக்குள் அதைச் சேர்க்கலாம்? எந்தப் பயிற்சி என்பதைச் சிகிச்சையாளர் சொல்லட்டும். எந்த நேரத்தில் என்பதைத் தாய் சொல்லட்டும்.

ஐந்து, யார் யார் என்ன செய்வது? தாயின் பெயர் மட்டுமே எல்லா வரியிலும் வந்தால் அது திட்டமில்லை, தண்டனை. அப்பா, மாமியார், மதினி, பக்கத்து வீடு, குழு, எல்லாருக்கும் ஒரு வரி இருக்கட்டும். கேரளாவில் இருக்கும் அப்பா ராத்திரி வீடியோ காலில் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பாட்டுப் பாடலாம். அதுவும் ஒரு வரிதான்.

ஆறு, எந்தத் தேதியில் திருப்பிப் பார்ப்பது? தவணைத் தேதியை நாம் மறப்பதில்லை. இதையும் அப்படியே குறித்து வையுங்கள். நடக்கவில்லை என்றால் யார் குற்றம் என்று தேடாமல், திட்டத்தில் எது குற்றம் என்று பாருங்கள்.

இந்தத் தாள் அந்தக் குடும்பத்துக்குச் சொந்தம். அவர்கள் சம்மதம் இல்லாமல் கூட்டத்தில் வாசிக்கக் கூடாது. பிள்ளையின் படத்தை யாருக்கும் அனுப்பக் கூடாது.

செய்யக் கூடாதவை

“கிரகணத்தில வெளிய வந்தா, காய் நறுக்குனா” என்று தாயைப் பழி சொல்லும் பேச்சை நம் குழுவில் யாரும் பேசக் கூடாது, பேச விடவும் கூடாது. பிள்ளையின் குறை தாயின் பாவம் இல்லை. அந்தப் பேச்சுக்குப் பயந்துதான் பல தாய்மார் பிள்ளையை வெளியில் கொண்டுவருவதில்லை.

‘ஒரே மாதத்தில் நடக்க வைக்கிறோம், பேச வைக்கிறோம்’ என்று சொல்லி ஆயிரக்கணக்கில் பணம் கேட்பவர்களிடம் போகாதீர்கள். அதற்காக உள்கடன் கேட்டு வந்தால், கொடுப்பதற்கு முன் செவிலியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வலிப்பு மாத்திரையை டாக்டர் சொல்லாமல் ஒரு நாளும் நிறுத்தக் கூடாது. வலிக்க வலிக்கக் கையையும் காலையும் இழுத்து நீவக் கூடாது.

இன்னொன்று. பிள்ளைக்காக வேலையை விட்டுவிடு என்று தாய்க்கு யோசனை சொல்லாதீர்கள். அந்தக் கூலியில்தான் பிள்ளைக்கு முட்டையும் பாலும் வருகிறது. வேலையை விடாமலே பிள்ளையைப் பார்க்க என்ன வழி என்று யோசிப்பதற்குத்தான் நாம் பதினைந்து பேர் ஒன்றாக உட்கார்ந்திருக்கிறோம்.

இன்று எடுக்க வேண்டிய தீர்மானங்கள்

பேச்சு பேச்சோடு போகக் கூடாது. மூன்று தீர்மானங்களை முன்வைக்கிறோம். ஒவ்வொரு குழுவும் தன் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

1. நம் தெருவில் ஆறு வயதுக்குட்பட்ட எல்லாப் பிள்ளைகளையும் ஒரு மாதத்துக்குள் பார்த்து, சந்தேகம் உள்ள பிள்ளையை அங்கன்வாடி டீச்சரிடமும் செவிலியரிடமும் காட்டுவோம். குழு உறுப்பினர் வீடா இல்லையா என்று பார்க்க மாட்டோம்.

2. அப்படி ஒரு பிள்ளை இருந்தால், குடும்பத்தின் சம்மதத்தோடு குழுவில் ஒருவர் அந்தக் குடும்பத்துக்குத் துணையாகப் பொறுப்பேற்பார். ஆஸ்பத்திரி நாளில் கூடப் போவதும், தேதி நினைவூட்டுவதும், ஆபீஸில் கேட்பதும் அவர் வேலை.

3. அந்தத் தாயின் சிகிச்சை நாள் கூலி போகாமல் இருக்க என்ன செய்யலாம் என்று குழு முடிவு செய்யும். கூட்டமைப்பில் நலிந்தோருக்கென்று வைத்திருக்கும் நிதியில் போக்குவரத்துக்கும் உபகரணத்துக்கும் முன்னுரிமை கேட்போம்.

சகோதரிகளே, அஞ்சு ரூபாய், பத்து ரூபாய் சேமித்து, ஒருத்தருக்கொருத்தர் ஜாமீன் நின்று, வங்கியையே நம் பக்கம் திருப்பியவர்கள் நீங்கள். கடனுக்கு ஜாமீன் நிற்கிற கை, ஒரு பிள்ளைக்கும் நிற்காதா?

அடுத்த பொதுக்குழுவில் நாங்கள் மறுபடியும் அதே மூன்று கேள்வியைக் கேட்போம். மூன்றாவது கேள்விக்கு இன்றைக்கு இரண்டு கைதான் எழும்பியது. அன்றைக்கு அந்தத் தாய்மாரே இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்து, தாங்களே கை தூக்க வேண்டும். பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். சத்தம் போட்டால் போடட்டும், பேசுகிறவர்கள் கொஞ்சம் உரக்கப் பேசிக்கொள்கிறோம்.